மற்றத் தோள்

காசு கொடுத்து உடம்பைப் பிடித்துவிடச் சொல்வது பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தவள் நான். உடம்பு நொந்தால் நாங்கள் நல்லெண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீரில் குளிப்போம். அதற்கும் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று குளிசை வாங்கி வருவோம். அதற்கும் கேட்காவிட்டால் பழகிக்கொள்வோம். என் வலது தோள் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தபோதுதான் லண்டனில் இருக்கும் என் பெறாமகள் அதைக் கண்டுபிடித்தாள்.

அவள் என் அக்காவின் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். அன்று நான் தேநீர்க் கோப்பையை இடக்கையால் எடுத்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"சித்தி, வலக்கையை ஒருக்காத் தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினேன். காதுவரைக்கும் போகவில்லை. "வயசு போகுது, கையும் சேர்ந்து போகுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது கிளிநொச்சியில் ஒரு மசாஜ் நிலையத்தில் எனக்கு இடம் பதிந்துவிட்டதாகச் சொன்னாள்.

"உடுப்பைக் கழட்ட வேணுமோ?" இதுதான் என் முதல் கேள்வி.

"பொம்பிளையளுக்குப் பொம்பிளைப் பிள்ளையள்தான் செய்வினம், சித்தி. தனிய நிண்டு உடுப்பு மாத்தலாம். பெரிய துவாயால மூடிவிடுவினம். எந்த இடத்தைத் தேய்க்கினமோ அந்த இடத்தை மட்டும்தான் திறப்பினம். பிடிக்கேல்லை எண்டால் நிப்பாட்டச் சொல்லலாம். கதைக்க விருப்பமில்லாட்டிக் கதைக்கத் தேவையில்லை."

"ஒருத்தி என்ர முதுகில ஏறி நிக்க, நான் வாய் திறக்காமல் கிடக்கிறதோ? நல்லாய்த்தான் இருக்கும்."

பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டு வாரும்" என்றார். "உம்மையும் ஒருத்தர் பாக்கட்டும்."

போவதொன்றும் லேசான காரியமில்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கடைசிச் சண்டையில் முள்ளந்தண்டில் பீஸ் பட்டது. ஷெல் வெடித்துச் சிதறுகிற இரும்புத் துண்டை இங்கே குழந்தைப்பிள்ளையும் பீஸ் என்றுதான் சொல்லும். அன்றிலிருந்து அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும், கழுவித் துடைப்பதும், சக்கரக் கதிரையில் ஏற்றி இறக்குவதும் என் வேலை. ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். அதனால் எங்கே போனாலும் எனக்கு மனம் கட்டிலடியில்தான் நிற்கும்.

காலையில் அவரது கால்களுக்கு எண்ணெய் தேய்ப்பேன். தேய்க்காவிட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தார்கள். தேய்க்கத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆ, சுகமா இருக்கு" என்பார். அந்தக் காலில் நெருப்பை வைத்தாலும் அவருக்குத் தெரியாது.

"பொய்க்கும் ஒரு அளவு வேணும்" என்பேன்.

"தேய்க்கிற கைக்கு ஒரு கூலி வேண்டாமோ?" என்பார்.

இந்தக் கதை எங்களுக்குள் எத்தனையோ வருடமாக நடக்கிறது. அலுக்கவில்லை.

அந்தப் பீஸ் பட்ட கதையையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் கடற்கரையோரம் தறப்பாள் கூடாரத்தில் இருந்த காலம். பதுங்க வெட்டிய பங்கருக்கு வெளியே நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஷெல் கூவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் நான் அடுப்பிலிருந்து பானையை இறக்கப் பார்த்தேன். பசிக்கு அவ்வளவுதான் புத்தி. அவர் பாய்ந்து வந்து என்னை மண்ணில் விழுத்தி எனக்கு மேலே கிடந்தார். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரது பாரமும், என் காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்செடுத்த சத்தமும்தான். காயக்காரரோடு எங்களைச் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றியபோது என் சட்டை முழுவதும் இரத்தமாக இருந்தது. தாதி ஒருத்தி என்னையும் காயக்காரி என்று நினைத்துப் படுக்கச் சொன்னாள். "எனக்கொண்டுமில்லை, இது அவற்ற இரத்தம்" என்றேன்.

நடக்க முடியாது என்று தெரிந்த பிறகு அவர் சாப்பாட்டை விட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். "நான் என்னத்துக்கு?" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு கதை இல்லை. நான் கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். ஒருநாள் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். "உம்மில ஒரு கீறல்கூட இல்லை, என்ன?" என்றார். "இல்லை" என்றேன். "எல்லாத்தையும் நான் வாங்கிப்போட்டன்" என்றார். பிறகு கோப்பையைக் கையில் வாங்கினார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்வார். கிராமசேவகர் வந்தாலும் சொல்வார், மீன்காரன் வந்தாலும் சொல்வார். "இவவில ஒரு கீறல்கூட விழ விடேல்லை." எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அவர் அதைச் சொல்லாத கிழமைகளில்தான் எனக்குப் பயம் வரும். அப்போதுதான் அவர் மறுபடி சுவர்ப் பக்கம் பார்க்கத் தொடங்குவார்.

முன்வீட்டு அக்காவிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாங்குளத்தில் பஸ் ஏறினேன். மசாஜ் நிலையம் பெரிய தெருவோரத்துக் கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. கீழே தொலைபேசிக் கடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மேலே கதவைச் சாத்தியதும் அந்தச் சத்தம் அடங்கி, சுடவைத்த எண்ணெயின் வாசம் வந்தது. எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும், அப்படியொரு பெண் என்னைக் கதிரையில் இருத்தி, தானும் எதிரே இருந்தாள். பளைப் பக்கத்துப் பிள்ளை, கொழும்பில் படித்துவிட்டு வந்திருந்தாள்.

கையை வைக்க முன்பு கன கேள்வி கேட்டாள். பிரஷர் இருக்கா, சீனி இருக்கா, எண்ணெய் ஏதும் ஒத்துக்கொள்ளாதா, ஒப்பரேஷன் செய்ததா. கடைசியாக, அதே குரலில், "உடம்பில பீஸ் ஏதும் இருக்கோ, அன்ரி?" என்றாள்.

"உதையும் கொழும்பில படிப்பிச்சவையோ?"

"இல்லை. அங்க ஒருத்தரும் கேக்கிறேல்லை. இஞ்ச வந்த பிறகு நானாச் சேர்த்தது. தெரியாமல் அழுத்திப்போட்டால் பீஸ் நகர்ந்திடும், நரம்பையும் வெட்டிப்போடும். அதால ஆரெண்டாலும் கேட்டுட்டுத்தான் தொடுவன்."

"எனக்கில்லை, பிள்ளை. எல்லாத்தையும் அவர் வாங்கிட்டார்."

சொல்லிவிட்டுப் பார்த்தால், அவர் சொல்கிற அதே தொனி என் வாயிலும் இருந்தது. நானும் அந்தக் கதையில் பெருமைப்படுகிறவள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் வெளியே போக, நான் உடுப்பு மாற்றிக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்துத் துவாயை இழுத்து மூடினேன். தலைமாட்டில் முகத்தை வைக்க ஒரு ஓட்டை. முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. கீழே தரையும், அவள் உள்ளே வந்ததும் அவளது கால்களும் மட்டும் தெரிந்தன. நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. துவாயை இடுப்புவரை மடித்து, உள்ளங்கையில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு முதுகில் இரண்டு கையையும் வைத்தாள். தேய்க்கவில்லை, சும்மா வைத்தபடி நின்றாள்.

"மூச்சை இழுத்து விடுங்கோ, அன்ரி. அழுத்தம் கூடினால் சொல்லவேணும். பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கக்கூடாது."

"நோகாமல் என்ன மசாஜ்?"

"சுகமா நோகிறது வேற, சும்மா நோகிறது வேற. உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. பிடரியிலிருந்து இடுப்புவரை அவளது கைகள் ஒரே சீராகப் போய் வந்தன. இடது தோளை முதலில் எடுத்தாள். பெருவிரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தேடி, அது இளகும்வரை அதிலேயே நின்று அமத்தினாள். நான் இத்தனை காலமும் ஒருவரைத் தூக்கி, புரட்டி, துடைத்து, தேய்த்து வந்தவள். என் முதுகில் எண்ணெயோடு ஒரு கை பட்டு எவ்வளவு காலம் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. கண்ணீர் மூக்கால் வழிந்து தரையில் சொட்டியது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சுகமும் அப்படித்தான் போல.

"அழுறதெண்டால் அழுங்கோ" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "கன பேர் அழுறவை. நான் நிலத்தைத் துடைச்சு விடுவன்."

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

பிறகு வலது தோளுக்கு வந்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை தடவினாள். இரண்டாவது முறை வந்த கை தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் நின்றது. விரல் நுனியால் அந்த இடத்தை மெல்லத் தொட்டாள். திரும்பவும் தொட்டாள். அவளது கால்கள் கட்டிலுக்குக் கிட்ட வந்தன.

"அன்ரி, பீஸ் இல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ஓம். இல்லை."

"இதில ஒரு பழைய தழும்பு கிடக்கு. அதுக்குக் கீழ ஒண்டு உருளுது."

"கொழுப்புக் கட்டியாய் இருக்கும்."

"கட்டி எண்டால் மெத்தெண்டு இருக்கும்." என்னைச் சரிந்து படுக்கவைத்து, என் இடக்கையைப் பிடித்து முதுகுப்பக்கம் கொண்டுபோய், என் விரலை அந்த இடத்தில் வைத்தாள். தோலுக்குக் கீழே உளுந்தளவில் ஒன்று இருந்தது. அழுத்தியதும் வழுக்கிப் பக்கத்தில் போனது. அதோடு தோளிலிருந்து முழங்கைவரை அந்தப் பழகிய வலி ஓடியது. ஆளைத் தூக்கித் தூக்கி வந்த வலி என்று நானும் ஊரும் சொல்லிக்கொண்டிருந்த அதே வலி.

"நான் இதில கை வைக்க மாட்டன், அன்ரி. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கோ. ஐயாவிட்டயும் சொல்லுங்கோ."

"அவரிட்டச் சொல்லேலாது" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் துவாயால் மூடிவிட்டு, என் கைகளை எடுத்து ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும், தலை சுற்றும், கெதியாக எழும்பாதேங்கோ என்றாள், தண்ணீர் நிறையக் குடியுங்கோ, நாளைக்குக் கொஞ்சம் உளைவு இருக்கும் என்றாள். எல்லாருக்கும் சொல்கிறதைத்தான் சொன்னாள். நான் கட்டில் விளிம்பில் இருந்து அவள் தந்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கப்பலில் இருந்த நாள்களில் முதுகில் ஒரு எரிவு இருந்தது. பங்கர் வாசலில் கிடந்த தகரம் கிழித்திருக்கும் என்று நினைத்தேன். அதையெல்லாம் காயமென்று யாரும் கணக்கெடுக்காத நாள்கள். அவரது உயிர் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் முதுகைத் திருப்பிப் பார்க்க நேரம் எங்கே? காயம் தானே மூடிக்கொண்டது. உள்ளே இருந்தது சொல்லாமல் கொள்ளாமல் என்னோடு குடியிருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, அகன்ற தோள், அந்த மனிதன் தன்னிடம் இருந்ததெல்லாவற்றையும் என் மேல் போட்டு மூடினார். அதற்குள்ளும் ஒரு உளுந்தளவு இடைவெளி கண்டுபிடித்து இந்தப் பீஸ் வந்திருக்கிறதே. வந்ததுதான் வந்தது, இன்னும் கொஞ்சக் காலம் பேசாமல் கிடந்திருக்கலாம். அந்த ஷெல் அவரது முதுகை உடைத்து, காலை முடக்கி, மிச்சமாக விட்டது 'ஒரு கீறல்கூட இல்லை' என்ற அந்த ஒரு வசனத்தைத்தான். அதையும் பறித்துக்கொண்டு வா என்று என்னிடம் தந்து அனுப்பியதுபோல் இருந்தது. யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி எனக்கு ஏதோ செத்தவீடு என்று நினைத்திருக்க வேண்டும், தன் பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டாள்.

வீட்டுக்கு வர முன்வீட்டு அக்கா எழும்பினாள். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவர்களுடையது. "இப்பத்தான் ஐயாவத் திருப்பிப் படுக்க வச்சேன். ஒங்க மொகம் ஏன் வீங்கியிருக்கு?" என்றாள். குப்புறக் கிடந்ததால் என்றேன்.

அவர் விழித்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன செய்தவை? ஒண்டும் விடாமல் சொல்லும்."

சொன்னேன். கட்டிலில் ஓட்டை இருப்பதையும், அதற்குள்ளால் அவளது காலைப் பார்த்துக்கொண்டு கிடந்ததையும், சுகமாக நோவதையும் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "தோளுக்கு என்னவாம்?" என்றார்.

"நரம்பு பிரண்டிருக்காம்."

அவரது சிரிப்பு நின்றது. "என்னைத் தூக்கித்தானே."

"இல்லை. வயசுக்கு வாறதாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் அவர் மேலே கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்து எழும்பிச் சாய்ந்துகொண்டார். காலம் முழுவதும் அந்தக் கயிற்றைப் பிடித்து எழும்பியதில் அவரது கைகள் இறுகிப் பலமாக இருந்தன.

"இஞ்ச வாரும். அந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வாரும். எனக்குக் கால்தானே ஏலாது, கை நல்ல கை. இவ்வளவு காலமும் எனக்குத் தேய்ச்சனீர். எனக்கு ஏன் இந்த யோசினை முதலே வரேல்லை?"

அவரது முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டு கனகாலம். தன்னால் செய்யக்கூடிய ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. நான் போத்தலோடு கட்டிலடியில் நின்றேன். வேண்டாம் என்றால் அந்த முகம் விழுந்துவிடும். ஓம் என்றால் அவரது விரல் தேடிப் பிடித்துவிடும். கைவிரலால்தான் அவர் இப்போது உலகத்தையே பார்க்கிறார், அவற்றுக்கு ஒன்றும் தப்பாது.

"வலப்பக்கம் கொஞ்சக் காலத்துக்கு ஒருத்தரும் கை வைக்கக்கூடாதாம்" என்றேன். "மற்றத் தோளைத் தேயுங்கோ. அதுதான் இப்ப இரண்டு தோளின்ர பாரத்தையும் தாங்குதாம்."

அவர் நம்பினார். கட்டிலோடு சாய்ந்து நிலத்தில் இருந்து, அவருக்கு முதுகைக் காட்டினேன். சீலைத் தலைப்பை வலப்பக்கத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் எண்ணெயைக் கையில் விட்டு, நோகாத என் இடது தோளைத் தேய்க்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளையின் கை படித்த கை. இது எனக்குத் தெரிந்த கை. என் கழுத்தடியில் அவரது பெருவிரல் நின்றபோது வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒரு கீறல்கூட விழ விடேல்லை" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"ஓம்" என்றேன்.

பிறகு, மருந்து எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். கறுப்புப் படத்தில் வெள்ளையாக, சின்னதாக அது இருந்தது. சின்ன ஒப்பரேஷன்தான், எடுத்துவிடலாம் என்று டொக்டர் சொன்னார். எடுத்தால் கட்டுப் போடவேண்டும், அவரைத் தூக்க முடியாது, எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்குக் காரணம் சொல்லவேண்டும். கிடக்கட்டும் என்று வந்துவிட்டேன். படத்தையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பெறாமகள் கேட்டபோது மசாஜ் நல்ல சுகம் என்றேன். இன்னொருமுறை பதிந்துவிடவா என்றாள். வேண்டாம், இங்கே வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்றேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அவரே எண்ணெய்ப் போத்தலைக் கேட்கிறார். சுவர்ப் பக்கம் பார்ப்பது குறைந்துவிட்டது. வலப்பக்கத்தை எப்போது தொடலாம் என்று இடைக்கிடை கேட்பார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பேன். அவரது கை இடப்பக்கத்தில் போய் வருகிறபோது வலப்பக்கம் அதற்காகத் தவிக்கிறது. அந்தக் கை ஒரே ஒருமுறை அங்கே வந்தால் போதும் என்றிருக்கும். அதைத்தான் நான் வரவிடாமல் காவல் இருக்கிறேன்.

நேற்று அவரது விரல்கள் முதுகின் நடுப்பகுதிவரை வந்துவிட்டன. நான் போத்தலை எடுப்பதுபோல் முன்னால் சரிந்துகொண்டேன்.

"சுகமா இருக்கோ?" என்றார்.

"சுகமா இருக்கு" என்றேன்.